குழித்தட்டில் முதிர்ந்த மிளகாய் நாற்று: தூக்கி எறியும் முன்...

கேள்வி: ஒரு ஏக்கர் மிளகாய் நடவுக்காக வாங்கிய குழித்தட்டு நாற்றுகளுக்கு 60 நாள் ஆகிவிட்டது. புயல் மழையில் வயலில் நின்ற தண்ணீர் இப்போதுதான் வடிந்திருக்கிறது. நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடக்கிறது. நடலாமா, குப்பையில் கொட்டலாமா?
- ஒரு வாசகி, முகையூர் ஒன்றியம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலம் பகுதியில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள் இரவில் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. முகையூர், திருக்கோவிலூர், அரகண்டநல்லூர் பக்கத்து விவசாயிகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வெள்ளத்தில் போன பயிரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் நடவுக்குக் காத்திருந்த நாற்றுத் தட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் கேள்வி அந்தத் தட்டுகளைப் பற்றியது.

கேள்வி கேட்ட குடும்பம் 98 குழி கொண்ட தட்டுகள் 92 வாங்கியிருக்கிறது. 75-க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 8,900 செடி பிடிக்கும், கணக்குச் சரி. நாற்று ஒன்று ஒரு ரூபாய் இருபது காசு, ஆக பத்தாயிரத்துக்கு மேல் முடங்கியிருக்கிறது. கணவர் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்கிறார். மனைவிக்கு மனசு வரவில்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய கணக்கு நாள் கணக்கு. இன்று விதை போட்டால் நாற்று தயாராக 40 நாள். நட்டு 75 நாளில்தான் முதல் பச்சை மிளகாய்ப் பறிப்பு. டிசம்பர் 20-ல் விதைத்தால் ஜனவரிக் கடைசியில் நடவு, ஏப்ரல் நடுவில் முதல் பறிப்பு. அதற்குள் சித்திரை வெயில் வந்துவிடும். பூவும் பிஞ்சும் உதிரும். கையிலிருக்கும் நாற்று பிழைத்துக்கொண்டால் மார்ச் மாதத்திலேயே பறிப்புக்குப் போகலாம். கொஞ்சம் பின்தங்கினாலும் வெயிலுக்கு முன்பு நாலைந்து பறிப்பு பார்த்துவிடலாம். அதனால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை, எல்லாவற்றையும் நடவும் கூடாது. தரம் பிரிக்க வேண்டும்.

முதலில், வேர் ஏன் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தட்டின் ஒரு குழியில் ஒரு கைப்பிடி தென்னைநார்க் கழிவுகூடப் பிடிக்காது. 35, 40 நாளில் வேர் அதை நிரப்பிவிடும். அதன்பிறகு போக இடமில்லாமல் சுவரையொட்டி வட்டமடிக்கும். நாளாக ஆக அந்த வட்டம் மரத்துப்போகும். அப்படியே மண்ணில் வைத்தால், பழகிய வட்டத்திலேயே அது கிடக்கும். சுற்றியுள்ள மண்ணுக்குள் சீக்கிரம் இறங்காது. செடி பதினைந்து நாள் நின்ற இடத்திலேயே நிற்கும். 'நட்டேன், காயவும் இல்லை, வளரவும் இல்லை' என்று பலர் சொல்வது இதைத்தான். யூரியா போட்டால் சரியாகும் என்று நினைப்பது தவறு. வாங்கிச் சாப்பிட வேரே இல்லாதபோது உரம் யாருக்கு?

தரம் பிரிக்க, ஒவ்வொரு தட்டிலும் நான்கைந்து நாற்றை எடுத்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும். வேர் வெள்ளையாக, நகத்தால் கீறினால் உள்ளே ஈரமாக இருந்தால் அது எத்தனை சுற்று சுற்றியிருந்தாலும் பிழைக்கும். பழுப்பேறி, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்தால், அல்லது அழுகல் வாடை அடித்தால் அந்தத் தட்டை நம்ப வேண்டாம். மழைநாளில் தண்ணீர் தேங்கிய தரையில் வைத்த தட்டுகளில் இது அதிகம். அடுத்து இலை. நுனி இலை மேல்நோக்கிக் கிண்ணம்போலவோ கீழ்நோக்கியோ சுருண்டிருந்தால் இலைப்பேன், சிலந்திப்பேன் அல்லது நச்சுயிரி வந்துவிட்டது என்று பொருள். நெருக்கமாக நின்று வயதான நாற்றில் இவை எளிதில் தொற்றும். பத்து செடி பாவமென்று அதை வயலுக்குக் கொண்டுபோனால் மீதி ஒன்பதாயிரத்துக்கும் அதுதான் விதை. பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

தேறிய நாற்றுகளுக்கு இனி வைத்தியம். நடவுக்கு இரண்டு நாள் முன்பு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். உயரத்தில் கால்பங்கு போனால் போதும். மொட்டோ பூவோ இருந்தால் ஈவு இரக்கம் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். வேர் சேதப்படப் போகிறது. அந்த வேரால் தாங்க முடிகிற அளவுக்குத்தான் மேலே இலை இருக்கலாம். நெல் நாற்று முதிர்ந்துபோனால் நுனியைக் கிள்ளி நடுவது நம் ஊரில் புதிதல்லவே.

நடவு நாளில் தட்டை அரைமணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். காய்ந்துபோன தென்னைநார்க் கழிவு மேலே ஊற்றும் தண்ணீரை வாங்காது, உருட்டி வெளியே தள்ளும். ஊறினால்தான் உள்வரை நனையும். தட்டின் அடித்துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கியிருந்தால் இழுத்துப் பிய்க்காமல் கத்தரிக்கோலால் நறுக்கித் தட்டை எடுக்கவும். பிறகு நாற்றைத் தண்டில் பிடித்து இழுக்காமல், குழியின் அடியை அமுக்கி வெளியே தள்ளவும்.

இனிதான் முக்கியமான வேலை. கட்டியின் அடியில் பாய்போல் பின்னிக் கிடக்கும் வேரை, கட்டைவிரலால் இரண்டாகப் பிளந்து லேசாக விரித்துவிட வேண்டும். மிக இறுகியிருந்தால் அடியில் அரை விரற்கடை அளவு வெட்டி எடுத்துவிடலாம். பக்கவாட்டில் இரண்டு இடத்தில் நகத்தால் கீறிவிடலாம். வேரை அறுப்பதா என்று பயப்பட வேண்டியதில்லை. வெட்டுப்பட்ட இடத்துக்குப் பின்னாலிருந்துதான் புதிய பக்கவேர்கள் கிளம்பும், அவை நேராக மண்ணுக்குள் போகும். ஆனால் பாதிக்குமேல் பிய்க்கக் கூடாது. ஒன்பதாயிரம் நாற்றுக்கு இதைச் செய்ய ஆள்கூலி ஆகும்தான். பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து வேரைப் பிரித்துக் கொடுக்க, மற்றவர்கள் நட்டுக்கொண்டே போனால் வேலை தடைபடாது.

பிரித்த வேரை சூடோமோனாஸ் கரைசலில், லிட்டருக்கு 5 கிராம் கணக்கில், அரைமணி நேரம் நனைத்து நடலாம். அதே நாளில் காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றினால் நனைத்த நுண்ணுயிரை நாமே கொன்றதாகிவிடும். இரண்டில் ஒன்றுதான். நாற்றழுகல் தெரியாத தட்டுகளுக்கு சூடோமோனாஸே போதும்.

வயல் எப்போது தயார்? ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்து, தட்டினால் உதிர வேண்டும். களிமண் உருண்டையாகவே நின்றால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம். 60 நாள் பொறுத்த நாற்று 62 நாளும் பொறுக்கும், ஆனால் சேற்றில் வைத்த வேர் மூச்சு முட்டிச் சாகும். ஆற்றோரத்தில் வெள்ளம் மணலைக் கொட்டியிருந்தால் உழுது அடிமண்ணோடு கலந்த பிறகே பார் பிடிக்க வேண்டும்.

நடவு மாலையில்தான். கட்டியைச் சுற்றி வயல் மண்ணை விரலால் நெருக்கி அமுக்க வேண்டும். இடையில் காற்று நின்றால் வேர் தாண்டாது. தென்னைநார் வெளியே தெரிந்தால் வெயிலில் அது திரிபோல் ஈரத்தை இழுத்துவிடும், எனவே மேலே அரை அங்குலம் மண் மூட வேண்டும். அதற்குமேல் தண்டைப் புதைத்தால் மிளகாயில் தண்டழுகல் வரும். தக்காளியின் கதை வேறு. நெட்டையாகப் போன தக்காளி நாற்றைக் கீழிலைகளை எடுத்துவிட்டு முக்கால் தண்டு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடலாம். தண்டு முழுக்க வேர் விடும். காலிஃபிளவர் நாற்று முதிர்ந்துவிட்டால் இத்தனை பாடும் வீண். எலுமிச்சை அளவில் பூ வைத்து நின்றுவிடும். அதை மாட்டுக்குப் போடுவதே லாபம்.

நட்டவுடன் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். அதன்பிறகு ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. செடி பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் கவலையில்லை. காலையிலும் வாடிக் கிடந்தால் வேர் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். முதல் பத்து நாள் யூரியா பக்கம் போகக் கூடாது. புதுத் துளிர் கண்ணில் பட்ட பிறகு 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலைவழியாகத் தெளிக்கலாம். மண்ணில் மேலுரம் அதற்கும் பிறகுதான். முதல் மூன்று வாரத்தில் வரும் பூவைக் கிள்ளிவிடுவதும் நல்லது. பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் அந்தப் பூதான் செடியைக் குட்டையிலேயே நிறுத்துவது. தேறிய நாற்றில் நான்கு தட்டைத் தனியே நிழலில் வைத்திருந்தால், பத்தாம் நாள் பாடு விழுந்த இடங்களை நிரப்ப உதவும்.

மரக்கன்று வாங்குகிறவர்களும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். பாலித்தீன் பையில் இரண்டு வருடம் கிடந்த மா, மகோகனிக் கன்றில் இந்த வேர்ச்சுருள் வெளியே தெரியாது. கன்று வளரும், நாலைந்து வருடம் கழித்து ஒரு காற்றுக்கு வேரோடு சாயும், அல்லது தன் வேரே தன் அடித்தண்டை நெரிக்கும். அந்தப் பையைக் கிழித்ததும் அடிச்சுருளைக் கத்தியால் ஒரு அங்குலம் அறுத்தெறிந்து, பக்கங்களில் மேலிருந்து கீழாக நான்கு கீறல் போட்டு நட வேண்டும். மரக்காணம் பக்கம் சவுக்கு போடுகிறவர்கள், உள்சுவரில் வரிவரியாக மேடு வைத்த வேர்க்குழாயில் வளர்த்த கன்றைக் கேட்டு வாங்கலாம். அந்த மேடு வேரை வட்டமடிக்க விடாமல் கீழ்நோக்கித் திருப்பும்.

முகையூர் வாசகிக்கு: தட்டுகளைக் கொட்ட வேண்டாம். பழுப்பு வேரும் சுருண்ட இலையும் உள்ளவற்றை முதலில் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 6,700-க்குமேல் தேறினால் முக்கால் ஏக்கரில் மிளகாய் நடுங்கள். மீதிக் கால் ஏக்கரில் உளுந்து தூவலாம். தைப் பட்டத்துக்குச் சரியாக இருக்கும்.