பகலில் போய்ச் சேர்வதன் விலை

குறைந்த செலவில் ஊர் சுற்றச் சொல்லித்தரும் ஆண்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். இரவு வண்டியில் ஏறு, அறை வாடகை மிச்சம். டார்மிட்டரியில் ஒரு கட்டில் போதும். நள்ளிரவு விமானம்தான் மலிவு. கிடைத்ததைத் தின்னு, எங்கேயாவது ஒதுங்கு. இந்தக் கணக்கைப் போட்டவருக்கு உடம்பைப் பற்றி யோசிக்கவேண்டிய தேவை வந்ததே இல்லை.

2024 கோடை விடுமுறையில் பத்து நாள் வியட்நாமுக்குத் தனியாகப் போனேன். வீட்டுக்கடன் கட்டும் தமிழாசிரியைக்குக் கட்டுப்படியாகிற நாடு அது. மின்விசாவுக்கு 25 டாலர். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். ஹனோயின் பழைய நகரில் அரிசி நூடுல்சும் கறியும் கீரையுமாக ஆவி பறக்க ஒரு கிண்ணம் ஃபோ 50,000 டாங். நம் காசில் 170 ரூபாய்க்குள்.

ஆனால் பகலில் போய் இறங்கும் விமானத்துக்கு நாலாயிரம் ரூபாய் கூடுதல். கொடுத்தேன். பெண்கள் மட்டும் தங்கும் டார்மிட்டரிக்கு நாளொன்றுக்கு இருநூறு கூடுதல். கொடுத்தேன். ஹுவேவுக்கு இரவு ரயிலில் போயிருந்தால் ஓர் இரவு வாடகை மிச்சமாகியிருக்கும். முன்பின் தெரியாத மூன்று ஆண்களோடு ஒரே அறையில் கதவைச் சாத்திப் படுக்க மனம் வரவில்லை. காலை ரயிலில் பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்தே போனேன். செலவு நோட்டில் இவற்றையெல்லாம் ‘பயம்’ என்று தலைப்பிட்டு எழுதினேன். ஏழாயிரத்தைத் தாண்டியது. பத்து நாளும் சாப்பிட்டதற்கு அவ்வளவு ஆகவில்லை.

அந்தத் தொகையில் பெரும்பகுதி வியட்நாம் கேட்டதல்ல, ஊரிலிருந்து நான் சுமந்துபோனது. ஹனோயில் இரவு பத்தரை மணிக்கு நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுப்பில் பெண், கல்லாவில் பெண், தோளில் காவடிபோலக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பழம் விற்கிறவளும் பெண். “கூட யாரு?” என்று ஒருவரும் கேட்கவில்லை. விடைத்தாள் திருத்தப் போன நம் மாவட்டத் தலைநகர் ஒன்றில், அடையாள அட்டையை நீட்டிய பிறகும், “தனியா வர்ற லேடீசுக்கு ரூம் தர்றதில்லைங்க மேடம்” என்று விடுதிக்காரர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

வியட்நாம் பெண்களின் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. அந்தக் கூடைக்காரிகளில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, ஒரே அறையில் பலராகப் படுத்தெழுந்து, பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள். 2008இல் நகர நிர்வாகம் 62 தெருக்களில் இவர்கள் விற்கக்கூடாதென்று தடை போட்டது. ஆனாலும் இவர்கள் தெருவை விட்டுப் போகவில்லை. இவர்கள் அங்கே இருந்ததால்தான் அந்த இரவு எனக்குச் செலவில்லாத இரவானது. இவர்களிடம் போய்ப் பத்தாயிரம் டாங்குக்குப் பேரம் பேசி, முப்பத்து மூன்று ரூபாய் மிச்சம் பிடித்ததைச் சாதனையாகச் சொல்லும் பயணிகளைப் பார்த்தேன். அடுத்தவள் கூலியில் கைவைப்பதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

நம் ஊரில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம். வேலைக்கும் மருத்துவமனைக்கும் காசில்லாமல் போய்வருகிறோம். ஆனால் பேருந்தை விட்டு இறங்கிய பிறகு? பேருந்து நிலையக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. எட்டரை மணிக்குமேல் கடைவீதியில் நிற்கிற பெண்ணை ஊரே ஏற இறங்கப் பார்க்கிறது. பூக்காரியையும் இட்லிக் கடைக்காரியையும் ஆக்கிரமிப்பு என்று விரட்டிவிட்டுக் கண்காணிப்புக் கேமரா வைக்கிறார்கள். துணைக்கு ஆள் இருந்த தெருவில் இப்போது கம்பம் நிற்கிறது.

பத்திரமாக இருக்கப் பெண் தன் கையிலிருந்து காசு போடவேண்டும் என்பது ஒரு வரி. அதை இத்தனை வருடம் முணுமுணுக்காமல் கட்டி, ‘எச்சரிக்கையான பெண்’ என்று பெயர் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த விடுமுறையில் அதே மாவட்டத் தலைநகருக்குப் போகிறேன். இரவு வண்டியில் போய், அதே விடுதியில் அறை கேட்பேன். தரமாட்டேன் என்றால், ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்வேன். தரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். கூட வருகிறவர்கள் வரலாம்.