கப்பி என்றால் இளப்பமா?



அண்மையில் எம் பள்ளிக்கு வந்திருந்த தந்தை ஒருவர், ஆறாம் ஆண்டில் பயிலும் தம் மகனின் அறிவியல் ஏட்டைப் புரட்டினார். ‘கப்பி’ என்னும் சொல்லைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதெல்லாம் கிணற்றடிப் பேச்சு, சார். நாளைக்கு மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைக்கு உதவுமா? அறிவியல் சொல் என்றால் ஆங்கிலத்தில் இருக்க வேண்டாமா?” என்றார். பையன் தலைகுனிந்து நின்றான்.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோதும், 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் நாம் கேட்ட அதே பேச்சுதான். இதற்கு விடை கூறியே ஆக வேண்டும்.

அவர் மதிக்கும் மருத்துவ நூலையே திறப்போம். மூளை நரம்புகள் 12 இணைகள். அவற்றுள் நான்காவதன் பெயர் ‘டிராக்லியர்’. கண்ணை அசைக்கும் தசை ஒன்றின் நாண், கண்குழியின் மேற்பகுதியிலுள்ள சிறு வளையத்தினூடே நுழைந்து திரும்புகிறது. கிணற்றுக் கயிறு கப்பியில் திரும்புவதைப் போல. அவ்வளையமே ‘டிராக்லியா’. அந்தத் தசையை இயக்குவதால் நரம்புக்கும் அப்பெயர் வந்தது. இலத்தீனில் அச்சொல்லின் பொருள் என்ன தெரியுமா? கப்பி! சக்கரத்தைக் குறிக்கும் ‘டிரோகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் உறவு அது. முழங்கை மூட்டிலும் இதே பெயரில் ஒரு பகுதி உண்டு. கிணற்றடிப் பேச்சு நம்முடையது மட்டுமன்று!

“தமிழ்க் கலைச்சொற்கள் செயற்கையாகச் செய்தவை” என்பது அடுத்த குறை. சைக்ளோன் என்ன, தானாக முளைத்ததா? 1840களில், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், சுழன்று வீசும் புயலுக்காகச் செய்த சொல் அது. வட்டத்தையும் சக்கரத்தையும் குறிக்கும் ‘குக்லோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே அதன் வேர். 1930களில் லாரன்சு அமைத்த துகள்முடுக்கிக்குச் ‘சைக்ளோட்ரான்’ என்று பெயர் வந்ததும் அவ்வேரிலிருந்துதான். ‘பைசைக்கிள்’ பாதி இலத்தீன், பாதி கிரேக்கம். ‘வீல்’ என்ற சொந்தச் சொல் இருந்தும் ஆங்கிலம் கிரேக்கத்திடம் கை நீட்டியது. அதை நாம் அறிவியல் என்கிறோம். ‘மிதிவண்டி’ என்றால் நகைக்கிறோம். இது என்ன நீதி?

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘குக்லோஸ்’ தமிழிலிருந்து போனதென்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது வேண்டாம். அதற்கு உறவு வடமொழிச் ‘சக்ர’. நம் ‘சக்கரம்’ அங்கிருந்து வந்ததே. நமக்கென்று திகிரி, ஆழி, உருளை இருக்கின்றன. பொய்ப் பெருமை நமக்கெதற்கு?

ஆங்கிலம் கற்க வேண்டாம் என நான் கூறவில்லை. நன்றாகக் கற்கட்டும். ஆனால், ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு ‘டிராக்லியா’ வெறும் ஓசை. மனனம் செய்தாக வேண்டும். கப்பி என்றால் நம் பிள்ளைக்குக் கயிறும் உருளையும் கண்முன் நிற்கும். புரிய வைக்கும் சொல்லையா நாம் இளப்பமாகப் பேசுவது?

மறுநாள் அந்தப் பையனிடம் இக்கதையைச் சொன்னேன். “அப்படியென்றால் கண்ணுக்குப் பக்கத்திலே கப்பி இருக்கா, சார்?” என்றான்.

இருக்கிறது, தம்பி. அப்பாவிடமும் போய்ச் சொல்.