முதுமையில் ஓர் ஆசைத்தொழில்

உத்தியோகத்தினின்று இளைப்பாறுவோர்க்கு அண்மைக் காலமாக ஒரு புதிய உபதேசம் நடைபெற்று வருகின்றது. அறுபதாம் வயதில் வாழ்வு முடிந்துவிடவில்லை; இத்தனை ஆண்டும் நெஞ்சுக்குள் அடக்கி வைத்த ஆசை எதுவோ அதனையே இனித் தொழிலாகக் கொள்ளுங்கள்; பிறர் நகைக்கும் கிறுக்காயிருந்தாலும் பாதகமில்லை என்கின்றனர். வங்கி முகாமையாளர் தேனீ வளர்க்கலாம். நில அளவையாளர் பழைய கடிகாரங்களைப் பழுதுபார்க்கலாம். கச்சேரியில் காலமெல்லாம் கோவை புரட்டியவர் பேராதனைப் பூங்காவில் வெளிநாட்டார்க்கு மரங்களின் பெயர் சொல்லி நடக்கலாம். கண்டி நகரத்துப் பிரியாவிடை வைபவங்களில், பொன்னாடைக்கும் தேநீருக்கும் இடையில், இவ்வுபதேசம் தவறாது நிகழ்கின்றது.

முற்போக்கு அணியைச் சேர்ந்த நண்பர் சிலர் இதைக் கேட்டதும் முகஞ் சுளிக்கின்றனர். வயிறு நிறைந்தவனின் விளையாட்டு என்று தள்ளிவிடுகின்றனர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னை அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். 1882 இல் இளைப்பாறியபின் கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடிப் பதிப்பித்தார். ஏடுகளிற் கைவைத்தது உத்தியோக காலத்திலேயே எனினும், கலித்தொகை அவர் கையால் அச்சேறியது 1887 இல், இளைப்பாறிய பின்னரே. கணக்கெழுதியவருக்கு இந்தப் பைத்தியம் எதற்கு என்று எவரேனும் தடுத்து, அவரும் கேட்டிருப்பாரானால், பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற எம் போன்றோர் எத்தனை ஆண்டு காத்திருந்திருப்போமோ! மார்க்சின் மருமகன் போல் லஃபார்க் 1880 இல் சோம்பலுக்குள்ள உரிமையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தொழிலாளி வேலையின்மீது பக்தி கொள்வது முதலாளிக்கே இலாபம் என்பது அவர் வாதம். மனம்போன போக்கில் சிறிது காலம் வாழ்வதை வர்க்கத் துரோகம் என்போர் அந்நூலைப் புரட்டிப் பார்ப்பது நன்று.

ஆதலின் எமது சண்டை ஆசையோடன்று. எல்லோருக்கும் சொல்வதாகச் சொல்லும் உபதேசிகள் யாரை மனத்தில் வைத்துச் சொல்கின்றனர் என்பதே எமது கேள்வி. கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில், 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் அருங்காட்சியகமாக நிற்கின்றது. இயந்திரங்கூட அங்கே இளைப்பாறிவிட்டது; துடைத்து மெருகிட்டு வைத்திருக்கின்றனர். அவ்வியந்திரத்துக்குக் கொழுந்து கொடுத்த மனிதர் இளைப்பாறுகின்றனரா?

மலைநாட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் உல்லாசப் பயணிகளுக்கென்று ஒரு வேடிக்கை விற்கப்படுகின்றது. சேலை உடுத்தி, தலையிற் கயிறு மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, சற்றுநேரம் கொழுந்து கிள்ளிப் படம் பிடித்துக்கொள்ளலாம். வருவோரில் ஐரோப்பிய ஓய்வூதியக்காரரும் உண்டு. அவர்களை நாம் குறை சொல்லோம். உழைத்துப் பெற்ற ஓய்வில் அஃது அவர்களுடைய ஆசை. ஆனால் அவர்கள் வயதையொத்த ஒருத்தி அடுத்த நிரையில் நிற்கின்றாள். அவளுடைய கூடை மட்டும் தராசில் ஏறும். அவளும் சட்டப்படி இளைப்பாறியவளே.

இது நிகழும் விதத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்துகின்றனர். பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் அதனை மீளப் பெறலாம். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் நாட்கூலிக்காரருக்கு ஒவ்வோராண்டுச் சேவைக்கும் 14 நாட் சம்பளம் தருகின்றது. முப்பதாண்டு உழைத்தவளுக்கு 420 நாட் சம்பளம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய்ப்படி பெருக்கினால் 567,000 ரூபாய். இரண்டும் ஒரே முறை கைக்கு வருவன. மகளின் கலியாணக் கடன், மகனைக் கொழும்புக்கு அனுப்பிய செலவு, அடகிலிருக்கும் தோடு என்று அதைப் பங்குபோட எத்தனையோ காத்திருக்கும். அரசாங்க ஆசிரியராகிய எமக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 70 வீதம் ஏறியபோது அவ்வோய்வூதியமும் மெலிந்தது உண்மையே. இளைப்பாறிய ஆசிரியர் பலர் ஆசைத்தொழிலை மறந்து டியூசன் கொட்டில்களுக்குத் திரும்பினர். ஆயினும் மெலிவதற்கு எமக்கு ஒன்று இருந்தது. அவளுக்கு மாதந்தோறும் வருவது எதுவுமில்லை. லயன் காம்பிராவோ தோட்டத்தினுடையது. குடும்பத்தில் எவரேனும் பேர் பதிந்து வேலை செய்யும்வரையில்தான் அதில் நிம்மதி. ஆகவே சேமலாப நிதியை எடுத்த கையோடு அவள் ‘கைக்காசு’க்கு வருகின்றாள். பறித்த கிலோவுக்குக் காசு, அவ்வளவே. பல தோட்டங்களில் அந்தக் காசுக்குச் சேமலாப நிதி கட்டப்படுவதில்லை. 1958 ஆம் ஆண்டின் சட்டமோ தற்காலிகத் தொழிலாளரையும் உள்ளடக்கியது. சட்டத்தின் கண்ணுக்குக் கைக்காசு என்றொரு சாதியே கிடையாது; செக்ரோலின் கண்ணுக்குத்தான் உண்டு.

மண்ணில் குனிந்து நிற்பவரின் முறை கடைசியிலேயே வருவது எம் நாட்டில் மட்டும் கண்டதன்று. சோவியத்து நாட்டின் 1956 ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் ஆணுக்கு 60, பெண்ணுக்கு 55 என வயது வகுத்தது. கூட்டுப்பண்ணை விவசாயிக்கு அத்தகைய சட்டம் 1964 இல்தான் வந்தது. அங்கே எட்டாண்டில் அந்தப் பிழை உணரப்பட்டது. இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெயிலரே இளைப்பாறியவரல்லர். 1874 இல் டார்ஜிலிங் சென்றதும் தேயிலையைப் பார்க்கவே. 1892 இல் விலகுமாறு பணிக்கப்பட்டார், அவ்வாண்டிலேயே இறந்தார். துரைக்கு மஹியாவை மயானத்தில் ஒரு கல்லறையாவது உண்டு.

முதுமையில் விந்தையான தொழில் மாற்றம் கண்டவர்களும் இம்மலைகளில் இருந்தனர். 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. ரயிலேறித் தலைமன்னார் வழியே மண்டபம் முகாமுக்குச் சென்றவர்களிற் பலர் கொழுந்தையும் கவ்வாத்தையும் அன்றி வேறு தொழில் அறியாதவர். அவர்கள் கையில் வியாபாரக் கடனைக் கொடுத்து, கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றது அரசாங்கம். கடன் கரைந்தது, கடை மூடியது, நீலகிரித் தேயிலைக்கே நடந்தவர் பலர். அங்கேயும் கிறுக்கு இருந்தது. அஃது அரசாங்கத்தினுடையது.

எமது வகுப்பு மாணவரிடம் பாட்டன் பாட்டியரின் ஆசையைக் கேட்டு எழுதிவரச் சொன்னோம். தேயிலைத் தூளைக் கண்ணாலும் காணாமல் இஞ்சிக் கோப்பி மட்டும் விற்கும் கடையொன்று வைக்க ஒரு பாட்டிக்கு விருப்பம். காமன் கூத்தில் இருபது ஆண்டு ரதி வேடம் கட்டிய தாத்தா ஒருவர், மாசி மாதத்தோடு நிற்காமல் ஆண்டு முழுதும் தோட்டந் தோட்டமாய்ப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க விரும்புகின்றார். இன்னொரு பாட்டிக்கு ரயில் ஓட்ட வேண்டுமாம். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். வங்கி முகாமையாளரின் தேனீயைவிட இவை எவ்வகையிற் குறைந்தன? மூவரும் இன்று கைக்காசுக்குத்தான் போகின்றனர்.

அவர்களே விரும்பி வருகின்றார்கள், வீட்டிலிருந்தால் நோய் வரும் என்கின்றனர் தோட்டத்துப் பெரியவர்கள். மாதம் ஒரு ஓய்வூதியத்தை அவள் கையில் வைத்த பின்பு இதைச் சொல்லட்டும். ஆடி மழையில் அட்டை கடிக்க நிரை பிடிக்க எத்தனை பேர் விரும்பி வருகின்றனர் என்று அப்பொழுது எண்ணிப் பார்க்கலாம். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியபோது பலரும் அதனைச் சீர்திருத்தம் என வரவேற்றனர். கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கு அது நன்மையே. சரிவில் நிற்பவளின் முழங்காலை யாரும் விசாரிக்கவில்லை.

கைக்காசு நாளுக்கும் சேமலாப நிதி; ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோ தேயிலையிலிருந்தும் ஒரு பங்கு எடுத்து இளைப்பாறிய தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம்; வேலையோடு முடிச்சுப் போடாத வீடும் காணியும் அவர் பெயரில். எமது கோரிக்கை இவை. 2021 இல் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதங்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திப் போராடிய ஆசிரியர் சங்கங்களுக்கு இவற்றையும் எடுத்துப் பேசும் பலம் உண்டு. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டக் கிளைகள் அடுத்த மாநாட்டுக்கே இத்தீர்மானத்தைக் கொண்டுவரட்டும். முன்மொழிய நாம் ஆயத்தம், வழிமொழிவோர் எழுதுக.