25 புள்ளி எண்டு பெருமை பேசுறதுக்கு முதல்

ஒவ்வொரு ஓகஸ்ட்டும் உந்தப் பட்டியல் வந்துவிடும். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் பருவம் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு கிழமை இருக்கும். எழுத வேறு ஒன்றும் அகப்படாதவர்கள் எஸ்.ஈ.சி. வரலாற்றிலேயே தலைசிறந்த டிஃபென்ஸ் எது என்று வரிசை போடத் தொடங்குவார்கள். அதில் 1939 டெனசியும் 1961 அலபாமாவும் கட்டாயம் இருக்கும். கணக்கை மட்டும் பார்க்கிறவர்கள் அந்த இரண்டையும் தூக்கி உச்சியில் வைத்துவிட்டு, 'நம்பர் பொய் சொல்லாது' எண்டு ஒரு வசனமும் போட்டுவிடுவார்கள்.

சாமம் ஒரு மணிக்கு எழும்பி இந்த ஆட்டங்களைப் பார்க்கிற எங்களுக்குள்ளும் இதே சண்டை வந்தது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அந்த இரண்டு பழைய அணிகளையும் இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. நம்பர் பொய் சொல்லும். தாராளமாகச் சொல்லும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். இது எங்கட உதைபந்தாட்டம் இல்லை, றக்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி. பந்தைக் கொண்டு முன்னேறுகிற பதினொரு பேரும், அதைத் தடுக்கிற பதினொரு பேரும் ஒரே கல்லூரிக்குள்ளேயே தனித்தனிக் கூட்டங்கள். தடுக்கிற கூட்டத்துக்குத் தனிப் பயிற்சியாளர், தனிப் பெருமை, தனிப் புராணம். எஸ்.ஈ.சி. என்பது அமெரிக்காவின் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டு; 1933இலிருந்து ஆடுகிறார்கள். அலபாமா, ஜோர்ஜியா, டெனசி, லூசியானாவின் எல்.எஸ்.யூ. எல்லாம் இதற்குள்தான். கல்லூரி விளையாட்டில் எவ்வளவு வெறி இருக்கும் எண்டு பிக் மெச் பார்த்து வளர்ந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சரி, 1961. பயிற்சியாளர் பெயார் பிரயன்ட். பதினொரு ஆட்டம், பதினொரு வெற்றி. பருவம் முழுக்க எதிரணிகளுக்குக் கொடுத்தது மொத்தமாக 25 புள்ளி. ஆறு ஆட்டங்களில் எதிரணி பூச்சியம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 2.3 கூட வராது. 1939 டெனசி அதையும் தாண்டி, வழமைப் பருவத்தின் பத்து ஆட்டங்களிலும் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. வாசிக்க வடிவாகத்தான் இருக்கிறது.

ஆனால் 1961இல் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் ஒரு கறுப்பின மாணவர்கூட இல்லை. ஓதரின் லூசி 1956இல் அனுமதி பெற்று வந்தார். வெறிக்கூட்டம் வளாகத்தில் கலவரம் செய்தது. நிர்வாகம் 'பாதுகாப்பு' எண்டு காரணம் காட்டி அவரை இடைநிறுத்தி, பிறகு வெளியேற்றியும் விட்டது. 1963 ஜூனில் விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹுட்டும் பதிவுக்கு வந்தபோது மாநில ஆளுநர் ஜோர்ஜ் வொலஸே கட்டட வாசலில் குறுக்கே நின்றார். இந்த இரண்டு சம்பவத்துக்கும் நடுவில்தான் அந்த 25 புள்ளிப் பருவம். எஸ்.ஈ.சி.யின் மற்ற ஃபுட்போல் அணிகளும் அப்படியே, ஒன்றிலும் ஒரு கறுப்பின வீரர் இல்லை.

அந்த வருடம் அலபாமா மாநிலத்துப் பிள்ளை ஒருவர் எங்கே ஆடிக்கொண்டிருந்தார் எண்டு பாருங்கோ. பக் புக்கனன். அலபாமாவின் கெய்ன்ஸ்வில் என்ற சின்ன ஊரில் பிறந்து, பேர்மிங்ஹாமில் பள்ளிக்கூடம் படித்தவர். ஆறடி ஏழு அங்குல உயரம், அந்த உடம்போடு நம்ப முடியாத ஓட்டம். பேர்மிங்ஹாமிலிருந்து அலபாமாப் பல்கலைக்கழகம் இருக்கிற டஸ்கலூசாவுக்கு வாகனத்தில் ஒரு மணித்தியாலம். ஆனால் அவர் லூசியானாவில் இருக்கிற கறுப்பினத்தவரின் கல்லூரியான கிராம்ப்லிங்குக்குப் போனார். 1963இல் ஏ.எஃப்.எல். தொழின்முறை லீக் வீரர்களைத் தெரிவுசெய்தபோது முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர்தான். பிறகு கன்சாஸ் சிட்டி அணியோடு நான்காவது சூப்பர் போல் வென்றார், 1990இல் ஹோல் ஒஃப் ஃபேமுக்கும் போனார். நிலை அவ்வளவுதான்: அலபாமாவின் தலைசிறந்த தடுப்பு எண்டு இவர்கள் கொண்டாடுகிற அணியில் அலபாமா பெற்ற மகா தடுப்பாட்டக்காரனுக்கு இடமில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கோ. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்த பொப் ஹேய்ஸ் அப்போது ஃபுளோரிடா ஏ அன்ட் எம் கல்லூரியில் இருந்தார். அதுவும் கறுப்பினத்தவரின் கல்லூரி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றர் தங்கம் வாங்கியவர் அவர். பிறகு டலஸ் கவ்போய்ஸ் அணியில் அவரைத் தனி ஆளாகத் துரத்திப் பிடிக்க ஏலாமல்தான் தொழின்முறை அணிகள் ஆளை விட்டுப் பரப்பைக் காக்கிற தடுப்புமுறைக்குக் கூடுதலாகப் போகவேண்டி வந்தது என்பார்கள். உலகத்தின் அதிவேக மனிதன் அதே தெற்கில், அதே வருடங்களில் ஃபுட்போல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு எஸ்.ஈ.சி. டிஃபென்ஸ்கூட அவனை எதிர்கொள்ளவில்லை. எதிர்கொள்ள வேண்டி வராதபடி கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிறகு 25 புள்ளிதான் கொடுத்தோம் எண்டால் நாங்கள் கை தட்டவேண்டுமா?

அந்தக் காலத்தில் ஆருக்கும் இது தெரியாது எண்டு சொல்லவும் ஏலாது. 1961 இறுதியில் அலபாமா கலிபோர்னியாவின் றோஸ் போலுக்கு வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் ஜிம் மறே அந்த வெள்ளையர் அணியைக் கிழித்து எழுதினார். அலபாமா கடைசியில் நியூ ஓர்லியன்ஸின் சுகர் போலோடு நின்றுகொண்டது.

1939 டெனசியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பத்து ஆட்டப் பூச்சியத்தோடு றோஸ் போலுக்குப் போய் யூ.எஸ்.சி.யிடம் 14–0 என்று தோற்றார்கள். அதே பருவத்தில் யூ.சி.எல்.ஏ. அணியில் கெனி வொஷிங்டனும், பின்னாளில் பேஸ்போலின் நிறத்தடையை உடைத்த ஜக்கி றொபின்சனும் ஆடினார்கள். அந்த அணி யூ.எஸ்.சி.யோடு 0–0 என்று சமன் செய்ததால்தான் றோஸ் போல் வாய்ப்பு கைநழுவியது. றொபின்சனுக்கு எதிராக அந்தப் பூச்சியம் தாங்கியிருக்குமா எண்டு பார்க்கிற வாய்ப்பும் அத்தோடு போனது.

'ஆடின பெடியங்கள் என்ன செய்வினம், சட்டமா போட்டவை?' எண்டு எங்களில் ஒருவர் கேட்டார். நியாயம். 1961இன் லீ றோய் ஜோர்டன் எந்தக் காலத்திலும் ஆடியிருக்கக்கூடியவர். தொழின்முறை ஆட்டத்திலும் அதை நிரூபித்தார். ஆளைக் குறை சொல்லவில்லை. வென்ற கிண்ணத்தைப் பறிக்கச் சொல்லவும் இல்லை. 'தலைசிறந்த' என்ற சொல்லைத்தான் கேட்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எல்லாரோடும் மோதிப் பார்த்தோம் என்ற அர்த்தம் இருக்கிறது. அவர்கள் எல்லாரோடும் மோதவில்லை.

கதவு திறந்தது 1967 செப்டெம்பர் 30. கென்டக்கி அணிக்காக நேற் நோர்த்திங்டன் இறங்கினார். எஸ்.ஈ.சி. ஆட்டமொன்றில் ஆடிய முதல் கறுப்பின வீரர், அதுவும் ஒரு தடுப்பாட்டக்காரர். பயிற்சியில் காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த அவரது அறைத் தோழர் கிரெக் பேஜ் முதல்நாள் இரவுதான் இறந்திருந்தார். நோர்த்திங்டன் சில நிமிடங்கள்தான் களத்தில் நின்றார். எஸ்.ஈ.சி. டிஃபென்ஸ் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்தச் சில நிமிடங்களிலிருந்து தொடங்கட்டும். 1970இல் யூ.எஸ்.சி. பேர்மிங்ஹாமுக்கு வந்து, சாம் கன்னிங்ஹாமின் ஓட்டத்தில் அலபாமாவை 42–21 என்று அடித்த ஆட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்ற கதை கனபேருக்குப் பிடிக்கும். அது அரைவாசிக் கதை. அலபாமா தன் முதல் கறுப்பின வீரரான வில்பர் ஜாக்சனை அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தது. ஜோர்ஜியாவில் 1972 வரை காத்திருக்கவேண்டி இருந்தது.

ஆகவே உண்மையான போட்டி 2011 அலபாமாவுக்கும் 2021 ஜோர்ஜியாவுக்கும்தான்.

2011 அலபாமா 13 ஆட்டத்தில் 106 புள்ளி கொடுத்தது, சராசரி 8.2. ஜோர்ஜியா 15 ஆட்டத்தில் 153, சராசரி 10.2. கணக்குப்பிள்ளைகள் இதோடு கொப்பியை மூடிவிடுவார்கள். ஆனால் இந்த எண்ணிக்கையும் நேர்மையானதில்லை. அலபாமாவுக்கு எதிராக ஓபர்ன் எடுத்த 14 புள்ளியில் ஒன்றையும் டிஃபென்ஸ் கொடுக்கவில்லை. ஒன்று கைநழுவிய பந்தை எல்லைக்குள் விழுந்து பிடித்தது, மற்றது உதையைத் திருப்பி ஓடியது. அப்படியென்றால் அலபாமா 8.2ஐ விடவும் நல்லது. மறுபக்கம், அந்த வருடம் அவர்களுக்கு எதிராகக் கூடுதல் புள்ளி எடுத்தது ஆர்? கீழ்ப்பிரிவில் ஆடிய ஜோர்ஜியா சதர்ன். 21 புள்ளி, 300 யார்டுக்கு மேல் ஓட்டம். பழங்காலத்து மும்முனை ஓட்டமுறையை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கல்லூரி அந்த மகா கோட்டையைக் குடைந்துவிட்டது. இதை ஆரும் பட்டியலில் எழுதுவதில்லை.

2011இன் உச்சம் எல்.எஸ்.யூ.வோடு மோதிய இரண்டு ஆட்டங்கள். நவம்பர் 5, டஸ்கலூசாவில், மேலதிக நேரத்தில் எல்.எஸ்.யூ. 9, அலபாமா 6. ஒரு டச்டவுன்கூட இல்லை. அலுப்படிக்கிற ஆட்டம் எண்டு சொன்னவர்களோடு எங்களுக்குப் பேச்சில்லை. அடுத்த ஜனவரியில் சம்பியன் ஆட்டத்தில் அலபாமா 21–0. எல்.எஸ்.யூ. மொத்தமாகப் பெற்றது 92 யார்ட். இதைவிட முழுமையான ஒரு இரவை எந்த டிஃபென்ஸும் ஆடியதில்லை என்று நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு ஏன் ஜோர்ஜியா? இடையில் ஆட்டம் மாறிவிட்டது. தலையைக் குறிவைத்து மோதினால் ஆளை வெளியேற்றுகிற விதி 2013இல் வந்தது. கல்லூரி விதிப்படி தாக்குதல் பக்கத்துப் பாரமான ஆட்கள் பந்து எறியமுன் மூன்று யார்ட் வரை முன்னே போகலாம். அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு ஓட்டமா எறிதலா என்று கடைசிக் கணம் வரை காட்டாத உத்திகள் பெருகின. தடுப்பவர் எதை நம்பி நகர்ந்தாலும் பிழை. 2019இல் எல்.எஸ்.யூ.வும் 2020இல் அலபாமாவும் ஆட்டத்துக்கு 48 புள்ளிக்கு மேல் குவித்தன. 9–6 ஆடிய அதே இரண்டு கல்லூரி! அந்த வெள்ளத்துக்கு நடுவில் நின்றுதான் ஜோர்ஜியா வழமைப் பருவத்தின் 12 ஆட்டத்தில் 83 புள்ளியோடு நிறுத்தியது.

இன்னொரு சுவையான விஷயம், இரண்டுக்கும் வாத்தியார் ஒருவரே. 2011 அலபாமாவின் தடுப்புப் பயிற்சியாளர் கேர்பி ஸ்மார்ட்தான் 2021 ஜோர்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளர். தான் கட்டிய பழைய கோட்டை புதுக்காலத்துக்குக் காணாது எண்டு விளங்கிக்கொண்டவர். முன்வரிசை நடுவில் ஜோர்டன் டேவிஸ்: ஏறத்தாழ 155 கிலோ, 40 யார்டை 4.78 விநாடியில் ஓடியவர். அவர் ஒருவரே இரண்டு பேரை மல்லுக்கட்டி வைத்திருந்தால் பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்பட்டு முன்னே வரத் தேவையில்லை, பந்தைப் பார்த்துவிட்டு நகரலாம். 2022 தொழின்முறைத் தெரிவில் முதலாவதாகப் போன ட்ரவொன் வோக்கரோடு சேர்த்து, அந்தத் தடுப்பிலிருந்து முதல் சுற்றிலேயே ஐந்து பேர் போனார்கள். ஐந்து பேரும் கறுப்பின இளைஞர்கள். ஐம்பத்தொரு வருடம் முந்திப் பிறந்திருந்தால் ஒருவரும் அந்தச் சட்டையைப் போட்டிருக்க மாட்டார்கள். (காசு விஷயத்தில் கதவு இன்னும் பிந்தித்தான் திறந்தது. தன் பெயரை வைத்து ஒரு வீரர் சட்டப்படி உழைக்கலாம் என்றானது 2021 ஜூலையில். 2011 அலபாமாப் பெடியங்கள் புலமைப்பரிசிலோடு ஆட, பயிற்சியாளர் கோடிக்கணக்கில் வாங்கினார்.)

இப்ப எல்லாரும் டிசெம்பர் 4ஐக் கொண்டுவருவீர்கள். தெரியும். எஸ்.ஈ.சி. இறுதியாட்டத்தில் அலபாமாவின் பிரைஸ் யங் 421 யார்ட் எறிந்து, ஜோர்ஜியாவை 41–24 என்று கிழித்துப்போட்டார். நாங்களும் விடிய விடிய இருந்து பார்த்து வாயடைத்துப் போனோம். எங்களுக்கு அந்தத் தோல்விதான் சாட்சி. ஒரு டிஃபென்ஸ் தன்னை உடைக்கக்கூடிய ஆளைச் சந்தித்தது, உடைந்தது, 37 நாள் கழித்து அதே ஆளை மறுபடி சந்தித்தது. ஜனவரி 10 இரவு இடைவேளையில் அலபாமா 9, ஜோர்ஜியா 6. பத்து வருடத்துக்கு முந்திய அதே எண்கள். ஆட்டம் முடியும்போது ஜோர்ஜியா 33, அலபாமா 18. யங்குக்குக் கிடைத்த ஒரே டச்டவுனும் ஜோர்ஜியா தன் எல்லைக்குக் கிட்டப் பந்தைத் தவறவிட்டதால் வந்தது. அலபாமாவின் இரண்டு முதன்மைப் பந்துபிடிப்பாளர்களில் ஒருவர் முந்திய ஆட்டத்திலும் மற்றவர் இதே ஆட்டத்தின் நடுவிலும் காயப்பட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. இருந்தும், ஒரு நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில் கீலி றிங்கோ யங்கின் பந்தைப் பறித்து 79 யார்ட் ஓடியதைப் பார்த்தபிறகு எங்களுக்கு வேறு தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

எங்களில் ஒருவர் இன்னும் 2011 எல்.எஸ்.யூ.வை விட்டுக்கொடுக்கிறார் இல்லை. 'அந்த 9–6ஐ முழுசாப் பாத்திட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்' எண்டு நிக்கிறார். சரி, ஜோர்ஜியா, அலபாமாவுக்குப் பிறகு மூன்றாமிடம் கொடுத்திருக்கிறோம். 1961க்கும் எங்கள் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில் பக் புக்கனன், கிராம்ப்லிங் என்று எழுதியிருக்கிறோம்.