செத்த பிறகு பணமுடிப்பு

விழுப்புரத்தில் சில மாதங்களுக்கு முன் வக்கீல்களுக்காக ஒரு வகுப்பு நடந்தது. பேட்டண்ட், பதிப்புரிமைச் சட்டங்களில் அண்மையில் வந்த மாற்றங்கள் பற்றி. திண்டிவனத்தில் தொழில் செய்கிற நானும் பஸ் ஏறிப் போனேன். சென்னையிலிருந்து வந்திருந்த பேச்சாளர் விஷயம் தெரிந்தவர்தான். 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் நோவார்ட்டிஸ் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்குப் பேட்டண்ட் மறுத்த கதையை, சென்னை பேட்டண்ட் அலுவலகத்தில் ஆரம்பித்து டில்லியில் முடிந்த கதையை, ரசிக்கும்படி சொன்னார். பழைய மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, குணப்படுத்தும் சக்தி கூடியிருக்க வேண்டும் என்கிற 3(டி) பிரிவு. 2021இல் மேல்முறையீட்டு வாரியம் கலைந்தது, 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தனிப் பிரிவு வந்தது, எல்லாம் வந்தன. சாப்பாட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், "பதிப்புரிமையும் இருக்கிறது, ஆனால் அது உங்கள் பக்கம் அவ்வளவாக வராது" என்று முடித்துவிட்டார். கூட்டம் சிரித்தது.

எங்கள் பக்கம் வராததா? தமிழில் பதிப்புரிமை என்ற வார்த்தையைச் சாதாரண ஜனங்கள் காதிலும் விழச்செய்த காரியத்தைச் செய்தது திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஒரு விவசாயியின் சர்க்கார். பாரதி 1921இல் இறந்தார். எழுத்துக்களின் உரிமை குடும்பத்தின் கையைவிட்டுப் போய்க் கடைசியில் தம்பி விசுவநாதனிடம் நின்றது. பாட்டுக்களை இசைத்தட்டில் பதிகிற உரிமை தனியே பிரிந்து விலைபோய் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்துசேர்ந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்க்க, மெய்யப்பன் கோர்ட்டுக்குப் போனார். பாரதி பாட்டைப் பாட ஒரு வியாபாரியின் அனுமதியா என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். பாரதி விடுதலைக் கழகம் பிறந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சர்க்கார் உரிமையை வாங்கியது. மெய்யப்பன் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000.

அது நியாயமான காரியம், சந்தேகமில்லை. சர்க்கார் வாங்காவிட்டால் 1971 முடியும்வரை பாரதி யாரோ ஒருவரின் சொத்தாகவே இருந்திருப்பார். ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு பூட்டு இருந்தது, அதை உடைத்தார்கள். அதற்கப்புறம் நாம் செய்துகொண்டிருப்பது வேறு. பூட்டு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எழுத்தாளன் இறந்து பல காலம் ஆனபின் 'நாட்டுடைமை' என்று அறிவித்து, குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வது கௌரவமாகிவிட்டது. காசநோயில், கையில் காசில்லாமல், 1948இல் செத்த புதுமைப்பித்தனுக்கு 2002இல் இந்தக் கௌரவம் கிடைத்தது. சட்டப்படி அவருடைய பதிப்புரிமை 2008 முடிய இருந்தது. மிச்சமிருந்த ஆறேழு வருஷத்தைச் சர்க்கார் வாங்கியது. உயிரோடு இருந்தபோது அவருடைய கதைக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் இலக்கிய உலகம் தொண்டையைச் செருமிக்கொள்ளும்.

பதிப்புரிமைச் சட்டத்தில் நாட்டுடைமை என்று ஒரு வார்த்தை கிடையாது. பாங்கை எடுத்துக்கொண்டதுபோல எடுத்துக்கொள்ள அதில் வழியில்லை. சர்க்கார் வாங்குவதும் ஒரு பதிப்பாளர் வாங்குவதைப்போல ஓர் உரிமை மாற்றம்தான். வாரிசு சம்மதித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2009இல் சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பத்தார் வேண்டாம் என்று சொன்னபோது என் நண்பர்களே 'பணத்தாசை' என்றார்கள். விற்க மாட்டேன் என்பது எப்படிப் பணத்தாசையாகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி என் வெட்கக்கேடு. ஐந்து சென்ட் மனைக்குக் கிரயப் பத்திரம் எழுதினால் நான்கெல்லை பார்ப்பேன், முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்ப்பேன். என் கவிதைத் தொகுதியை ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தபோது ஒரு துண்டுக் காகிதம் எழுதவில்லை. டீ குடித்தோம், அவ்வளவுதான். இரண்டாம் பதிப்பு வந்த சேதியைப் புத்தகக் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "கவிதைக்கு இதெல்லாம் பார்ப்பீர்களா சார்?" என்றார். நான் வாயடைத்துப் போனேன் என்பதுதான் அசிங்கம். வக்கீலுக்குப் பதில் தெரியும். கவிஞன் அவனைப் பேசவிடவில்லை.

பதில் என்ன? எழுத்தில், ஆசிரியன் கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எழுதிக்கொடுத்தாலும், எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்தே வருஷம். எந்த எல்லைக்குள் என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் உபயோகிக்காவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமை காலாவதி. விற்ற பிறகும் படைப்பைச் சிதைத்தால் கேட்கிற உரிமை ஆசிரியனுடையது, அவனுக்குப் பின் வாரிசுகளுடையது. நாட்டுடைமையான ஆசிரியர்களைப் பிழை மலியப் போட்டு விற்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். 2012இல் வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போனது: சினிமாவுக்குப் பாட்டெழுதுகிறவன், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற உபயோகங்களுக்கான ராயல்டியை, தானே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டத்துக்கு எழுத்தாளனின் அசட்டுப் பெருந்தன்மை தெரிந்திருக்கிறது!

இன்னொன்று, அந்தப் பேச்சாளருக்காக. பதிப்புரிமை வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். வாதி குடியிருக்கிற ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். 62ஆம் பிரிவு. 2015இல் உச்சநீதிமன்றம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. அது முக்கியமாகக் கம்பெனிகளுக்கு: தலைமை அலுவலகமும் வழக்கின் காரணமும் இருக்கிற ஊரை விட்டுவிட்டு எங்கோ ஒரு கிளை இருக்கும் ஊரில் பிரதிவாதியை அலைக்கழிக்காதே என்று. திண்டிவனத்துக் கவிஞன் சென்னைப் பதிப்பாளரை விழுப்புரத்துக்கு வரவழைக்க இன்னும் தடையில்லை. எங்கள் பக்கம் வராதது பதிப்புரிமை அல்ல, வழக்குத்தான். அதற்குக் குற்றவாளி வக்கீல் பாதி. மற்றப் பாதி, காசைப் பற்றிப் பேசினால் கலை தீட்டுப்பட்டுவிடும் என்று நினைக்கிற நாம். தூய இலக்கியம் என்று முழங்குகிற நம் சிறுபத்திரிகைகள் அச்சகத்துக்கும் காகிதக்காரனுக்கும் தபால் ஆபீசுக்கும் பாக்கியில்லாமல் கொடுத்துவிட்டுக் கவிஞனிடம் மட்டும் லட்சியம் பேசுகின்றன.

இந்தப் பத்திரிகையும் என் பதினோரு கவிதைகளை ஒரு சீட்டும் இல்லாமல் போட்டிருக்கிறது. ஆசிரியர் என் நண்பர், அதனாலேயே சொல்கிறேன். இக்கட்டுரையோடு ஒரு தாளில், ஒரு தடவை அச்சிட மட்டும் அனுமதி, மற்ற உரிமைகள் என்னுடையவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். சன்மானம் என்கிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவர் நிரப்பட்டும்.