பள்ளிக்கூட வாசலும் நம் கடைச் சரமும்



எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1977ஆம் ஆண்டு தகப்பனாரின் மளிகை மொத்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று இருந்த வியாபாரம் பிஸ்கட், வறுவல் பாக்கெட், குளிர்பானம் என்று மாறியதைக் கண்ணால் பார்த்தவன். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளைகள் கையில் போய்ச் சேரும் சரக்கில் ஒரு பங்கு என் குடோனிலிருந்து போகிறது. அந்த ஒரு தகுதியோடுதான் எழுதுகிறேன்.

என் அக்காள் பேத்தி கல்லூரியில் ஊட்டச்சத்துப் படிப்பு படிக்கிறாள். கடைசி வருஷத்தில் வெளியே போய் வேலை பழக வேண்டுமாம், இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் கடையில் பையனைத் தொழில் பழக விடுவதுபோல. பிள்ளைகளின் சத்துணவு, சிறு வயதிலேயே உடல் பருத்துப் போவதைத் தடுப்பது, இதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கிச் செய்தாள்.

வேலை என்னவென்று கேட்டேன். பிள்ளையின் உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, எடையை அந்தத் தொகையால் வகுப்பது. வரும் எண்ணைப் பெரியவர்களுக்குப் பார்ப்பதுபோல் பார்க்காமல், வயதுக்கு ஏற்ற அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதிக்கொள்வது. நாம் தினமும் சிட்டை எழுதுவதுபோல வரவு செலவுக் கணக்குத்தான். சாப்பாட்டில் வரும் சக்தி வரவு. ஓடி ஆடுவது செலவு. செலவாகாத வரவு உடம்பில் கொழுப்பாகத் தங்குகிறது.

மூன்றாம் பங்கு வேலைதான் நம்மைத் தொட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பக்கத்துக் கடைகளில் நின்று, பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதலில் போன கடைகளில் "இங்கே நிற்காதே அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். உணவுப் பாதுகாப்பு இலாகாவிலிருந்து வேவு பார்க்க வந்தவள் என்று பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் அபராதம்தான் என்பது நம் அனுபவம். கடைசியில் என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு தம்பி, "அண்ணாச்சி வீட்டுப் பிள்ளையா, வந்து ஸ்டூலில் உட்காரும்மா" என்று இடம் கொடுத்தார்.

மணி அடித்து அரை மணி நேரத்தில் அந்தக் கடையில் தொங்கிய ஐந்து ரூபாய் வறுவல் சரங்கள் காலியாகிவிட்டன. இரவு சாப்பிடும்போது அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்தச் சரமெல்லாம் உங்க கடையிலிருந்துதானே போகுது தாத்தா?" என்று கேட்டாள். குத்திக்காட்டும் பிள்ளை இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் சோறு இறங்கவில்லை.

நம் நாட்டில் பிள்ளைகள் மெலிந்து கிடப்பதுதானே பிரச்சினை, பருமன் பணக்கார நாட்டுக் கவலை அல்லவா என்று நானும் நினைத்திருந்தேன். தமிழ்நாடு அந்தப் பசியோடு போராடிய கதை நமக்குத் தெரியும். 1956இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். பிறகு முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே ஆய்வில், எடை கூடிய பிள்ளைகள் 2015-16இல் இருந்த 2.1 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகியிருக்கிறார்கள். உலக அளவில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று யுனிசெப் 2025இல் அறிவித்தது. ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கிறது. வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை.

பாக்கெட்டின் பின்பக்கத்தை நாம் எம்.ஆர்.பி.க்கும் காலாவதித் தேதிக்கும் மட்டும்தான் பார்க்கிறோம். அவள் எனக்கு மற்றதையும் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 250 மில்லி பாட்டிலில் 27 கிராமுக்கு மேல்; ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. வீட்டில் பேரனுக்கு ஒரு டம்ளர் பாலில் ஆறு கரண்டி சர்க்கரை போட்டால் நாம் சும்மா இருப்போமா? உருளைக்கிழங்கு வறுவலில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் கொழுப்பு. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஒன்று யாரையும் கெடுக்காது; தினமும் இரண்டு மூன்று என்றால் கணக்கு வேறு.

சட்டமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் பீடி சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம்; அதை எல்லோரும் அறிவோம். ஆனால் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நான் அறியாமல்தான் இருந்தேன்.

இந்த விதியில் எனக்கு மனக்குறை உண்டு. ஐம்பது மீட்டருக்குள் இருப்பது யார்? பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கும் விதவைத் தாயும், எட்டுக்குப் பத்துக் கடையில் வாழும் தம்பியும்தான். அறுபதாவது மீட்டரில் குளிரூட்டிய பெரிய கடையில் அதே பாக்கெட்டை அட்டி அட்டியாக அடுக்கலாம். தயாரிக்கும் கம்பெனி டெலிவிஷனில் விளம்பரம் செய்யலாம். 2025 செப்டம்பரில் குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி போட்ட அரசே, சாக்லேட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் 18இலிருந்து 5ஆகக் குறைத்தது. ஆகவே பழியைச் சில்லரைக் கடைக்காரர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. தயாரிப்பவரிடமிருந்து தொடங்குங்கள் என்று அரசிடம் நம் சங்கம் உரக்கச் சொல்ல வேண்டும்.

அதற்காக நம் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. "நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான்" என்ற வாதத்தை நானும் சொன்னவன்தான். கலப்பட எண்ணெய் விற்றவனும் இதையேதான் சொன்னான்.

அடுத்த வாரமே என் கடையில் ஒரு காரியம் செய்தேன். பள்ளிக்கூடங்களை ஒட்டிய கடைகளுக்கு ஸ்கீம் சொல்லிச் சரம் தள்ளுவதை நிறுத்தச் சொன்னேன். கேட்டால் உண்டு, நாமாகத் தள்ளுவதில்லை. அந்த மாதம் ஒரு கம்பெனியின் டார்கெட் விழவில்லை. ஊக்கத் தொகையும் போயிற்று. மகன் முகம் சுளித்தான். நஷ்டம் நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் என் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்துவது இன்றைக்கும் அரிசியும் பருப்பும் எண்ணெயும்தான், சரம் அல்ல.

ஸ்டூல் கொடுத்த தம்பியும் கொஞ்சம் மாற்றினார். பிள்ளைகள் கண்ணுக்கு நேராகத் தொங்கிய சரத்தை உள்ளே தள்ளினார். முன்னால் கடலை மிட்டாய், பொரிகடலை, வறுத்த நிலக்கடலை, வாழைப்பழத் தார். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறதே, அது ஒன்று போதாதா என்று நான் பெருமையாகச் சொன்னேன். அக்காள் பேத்தி சிரித்தாள். "அதுலயும் வெல்லம் இருக்கு தாத்தா, ஒண்ணோட நிறுத்தணும். உப்பு போடாத கடலையும் பழமும்தான் முதல்ல" என்றாள். வெல்லம் என்றால் மருந்து என்று நினைத்திருந்த எனக்கு அதுவும் பாடம். அந்தக் கடையில் வாழைப்பழம் முதல் வாரம் கறுத்துப் போய் மிஞ்சியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது காலையில் பாதித் தார்தான் எடுக்கிறார், மிஞ்சுவதில்லை.

நம் செயற்குழுவின் பார்வைக்கு நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, சில்லரை இல்லை என்று பிள்ளைகள் கையில் மிட்டாய் கொடுப்பதை நிறுத்துவோம். ஒரு ரூபாய் கேட்ட பிள்ளைக்கு ஒரு ரூபாய்தான் கொடுக்க வேண்டும். இது கணக்கு நாணயமும்கூட.

இரண்டாவது, பள்ளி அருகில் உள்ள கடைகளில் சரம் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் வேண்டாம். 50 மீட்டருக்குள் உள்ள நம் அங்கத்தினர்களுக்கு விதியைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்போம். அபராதச் சீட்டு வந்து தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

மூன்றாவது, சரக்கு மாற்றும் கடைக்கு மொத்த வியாபாரிகள் உதவ வேண்டும். கடலை, பொரிகடலை விற்காவிட்டால் ஒரு மாதம் வரை திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து சொன்னால் சிறிய கடைக்காரருக்குத் தைரியம் வரும்.

நான்காவது, இப்படித் தொழில் பழக வரும் மாணவிகளைச் சங்கமே கூப்பிடட்டும். சங்கத்தின் அறிமுகக் கடிதத்தோடு வந்தால் யாரும் விரட்ட மாட்டார்கள். கடையின் பெயர் எழுதாமல் கணக்கு எடுத்துக்கொள்ளட்டும். நமக்கும் பாக்கெட் படிக்கச் சொல்லிக்கொடுக்கட்டும்.

இந்த நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே 1918இல் நம் குன்னூரில் ஒற்றை அறையில், பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையாகத்தான் தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய நிறுவனமாக நிற்கிறது. பாலிஷ் போட்டு வெளுத்த அரிசியைத் தின்றே வாழ்ந்தவர்களைப் பிடித்த நோய் அது. அந்த அரிசியையும் யாரோ ஒரு வியாபாரிதான் தெரியாமல் விற்றிருப்பார். அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்துவிட்டது.

பயிற்சி முடிந்து ஊருக்குப் புறப்படும்போது அந்தப் பிள்ளை என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். திருநீறு பூசி அனுப்பினேன். அடுத்த வருஷம் வேறு மாணவிகள் வந்தால் எத்தனை கடைகளில் ஸ்டூல் கிடைக்கும் என்பது நம் கையில் இருக்கிறது. வரும் செயற்குழுவில் இதைப் பேசுவோம்.