வெளியேற்றுவது அரசின் கடமை

2022 செப்டம்பர் மழையில் பெங்களூருவின் பெல்லந்தூர், மகாதேவபுரா பகுதிகள் வெள்ளத்தில் மிதந்தபோது, வசதி படைத்தோர் பலர் டிராக்டர்களிலும் படகுகளிலும் வெளியேறி ஓட்டல்களில் தங்கினர். தகரக் கொட்டகைகளில் வாழும் தொழிலாளர்களோ, படுக்கையில் கிடக்கும் தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு எங்கே செல்வது? வெளியேறினால் அன்றாடக் கூலி போகும். இருக்கும் நாலு பாத்திரமும் போகும். இந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று பழிப்பது அநீதி.

1999 பெரும்புயலில் சுமார் 10 ஆயிரம் உயிர்களை இழந்த ஒடிசா, 2019 ஃபானி புயலுக்கு முன்பே சுமார் 12 லட்சம் மக்களை வெளியேற்றியது. எச்சரிக்கையோடு வாகனமும் தங்குமிடமும் உணவும் தரப்பட்டதாலேயே அது சாத்தியமாயிற்று.

பெங்களூருவிலும் வார்டுதோறும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகளின் பட்டியலும் நிவாரண முகாமும் மழைக்கு முன்பே தயாராக வேண்டும். இழந்த கூலிக்கு ஈடு வேண்டும். இக்கோரிக்கைகளுடன் நமது கிளைகள் மக்களைத் திரட்டட்டும்.